வெளிச்சுவரை எத்தனை மாதத்திற்கு ஒரு தடவை கழுவ வேண்டும்?

வருடத்திற்கு ஒரு தடவை கடைச் சரக்கைக் கணக்கெடுக்கின்றோம். லொறி ஓடிய தூரத்தைப் பார்த்து எஞ்சின் ஒயில் மாற்றுகின்றோம். தராசையும் படிக்கல்லையும் முத்திரையிடக் கொண்டு போகின்றோம். ஆனால் எம்மில் பலருக்கு இருக்கின்ற மிகப் பெறுமதியான சொத்து கடைக் கட்டடமும் வீடும்தான். அவற்றின் வெளிப்புறத்தைப் பராமரிப்பதற்கு மட்டும் எம்மிடம் எந்தக் கணக்கும் கிடையாது. சுவர் கறுத்துப் போய் நாலு பேர் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பெயின்ட் வாங்க வருகின்றோம்.

முப்பது வருடங்களுக்கு மேலாக ஹார்ட்வெயார் வியாபாரத்தில் இருப்பவன் என்ற வகையில் இதை நான் நன்றாக அறிவேன். "நானா, போன பெருநாளுக்கு அடிச்ச பெயின்ட், இப்ப கறுத்துப் போச்சு. வேறு நல்ல கொம்பனி பெயின்டாப் பார்த்துத் தாங்க" என்று கேட்டு வருபவர்கள் ஏராளம். அவர்களில் பாதிப் பேருக்காவது தேவைப்படுவது பெயின்ட் அல்ல, ஒரு வாளி மருந்துத் தண்ணீரும் ஒரு தும்புத் தூரிகையும்தான். பெயின்ட் விற்பவன் இதைச் சொல்வது எனது வியாபாரத்திற்கு நட்டம். என்றாலும் சுவரைக் கழுவாமல் கறுப்பின் மேலேயே அடித்துவிட்டு, ஆறு மாதத்தில் மீண்டும் வந்து என்னைக் குறை சொல்லும் வாடிக்கையாளரை விட, ஐந்து வருடத்திற்கு ஒரு தடவை திருப்தியோடு வருபவர் எனக்கு மேல்.

சுவர் ஏன் கறுக்கின்றது?

எமது நாட்டின் காற்றில் ஈரப்பதன் பகலில் 70 வீதமளவிலும் இரவில் 90 வீதத்திற்கு மேலும் இருப்பது சாதாரணம். கரையோரங்களில் வருடம் முழுவதும் வெப்பநிலை 27 பாகை செல்சியஸ் அளவில் நிற்கின்றது. பாசிக்கும் பூஞ்சணத்துக்கும் இதைவிட வசதியான இடம் கிடையாது. குளிர் நாடுகளில் வருடத்தின் சில மாதங்களில் இவற்றின் வளர்ச்சி நின்றுவிடும். இங்கே அதற்கு விடுமுறையே இல்லை.

கறுப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. எது எதுவென்று தெரியாமல் வைத்தியம் செய்யக் கூடாது.

முதலாவது, பாசி. பச்சையாகவும் இருக்கும், காய்ந்தால் கறுப்பாகவும் தெரியும். மதிலின் மேல் விளிம்பிலிருந்தும் யன்னல் தட்டின் கீழிருந்தும் கோடு கோடாக வடிந்திருக்கும் கறுப்பு பெரும்பாலும் இந்த வகைதான். இதற்குத் தண்ணீரும் வெளிச்சமும் இருந்தால் போதும்.

இரண்டாவது, பூஞ்சணம். புள்ளி புள்ளியாகத் தொடங்கிப் பரவும். சுவரில் படிந்த தூசியையும் அழுக்கையும், சில வேளைகளில் பெயின்டில் இருக்கும் பசையையுமே உணவாகக் கொள்ளும். எனவேதான் அழுக்கைக் கழுவி விட்டாலே பூஞ்சணத்தின் சாப்பாட்டைப் பாதி நிறுத்தி விட்டோம் என்று சொல்லலாம்.

மூன்றாவது, வெறும் புகையும் தூசியும். புறக்கோட்டை போன்ற வாகன நெரிசல் மிக்க இடங்களில் இதுவே அதிகம்.

நான்காவது, வெள்ளையாகப் பூத்து உதிரும் உப்பு. இது சுவருக்கு உள்ளேயிருந்து வருவது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே இறங்கும். காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து ஏறுகின்றது என்று பார்க்க வேண்டும்.

இவற்றைப் பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. கறுப்பின் மேல் சில துளி பிளீச் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். நிறம் வெளிறினால் அது பூஞ்சணம் அல்லது பாசி. மாறாமல் அப்படியே இருந்தால் புகை, தூசி. அதேபோல் உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் பெயின்ட் அதன் ஆயுளை முடித்து விட்டது. அப்போது கழுவியும் பயனில்லை, புதிதாக அடிக்கத்தான் வேண்டும்.

உங்கள் சுவர் எந்தப் பக்கம் பார்க்கின்றது?

ஒரே வீட்டில், ஒரே நாளில், ஒரே பெயின்ட் அடித்தும் ஒரு பக்கம் மட்டும் முதலில் கறுப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். பாஸ் தண்ணீர் கலந்து ஏமாற்றி விட்டார் என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு. உண்மையில் இதற்குக் காரணம் மழையும் சூரியனும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப் பெயர்ச்சி மழை. காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் கொழும்பு, களுத்துறை, பேருவளை, காலி, மாத்தறைப் பக்கங்களில் தெற்குச் சுவரும் மேற்குச் சுவரும் நேரடியாக நனைகின்றன. அதே காலத்தில் சூரியன் எமது தலைக்கு மேலால் கடந்து வடக்குப் பக்கமாக நிற்கின்றது. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை கொழும்பில் நண்பகல் வெயில் தெற்குச் சுவரில் விழாது. நனைவதும் அந்தச் சுவர், வெயில் படாததும் அந்தச் சுவர். மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தெற்குச் சுவர் முதலில் கறுப்பதன் இரகசியம் இதுதான்.

கிழக்கில் இது தலைகீழ். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று, கிண்ணியா, மூதூர் ஆகிய ஊர்களுக்கு முக்கிய மழை வடகீழ் பருவப் பெயர்ச்சியோடு டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வருகின்றது. காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கின்றது. அப்போது சூரியன் தெற்கே. ஆகவே அங்கே வடக்குச் சுவர்தான் நனைந்தபடியே வெயில் காணாமல் நிற்கும்.

இதனை அறிந்து கொண்டால் செலவு குறையும். ஒவ்வொரு தடவையும் நாலு பக்கமும் கழுவ வேண்டியதில்லை. கெட்டுப் போகும் பக்கத்தை இரண்டு தடவையும் மற்றப் பக்கங்களை ஒரு தடவையும் கழுவினால் போதுமானது.

இன்னொரு விடயம், கூரையின் இறக்கம். எமது வாப்பாமார் கட்டிய வீடுகளில் கூரை சுவருக்கு வெளியே மூன்று அடியாவது நீண்டிருந்தது. முன்னால் திண்ணையும் இருந்தது. மழை சுவரைத் தொடவில்லை. இப்போது பெட்டி போலக் கட்டி, இறக்கமே இல்லாமல் மேலே கைப்பிடிச் சுவர் எழுப்புகின்றோம். பார்வைக்கு அழகுதான். ஆனால் அந்தச் சுவருக்குக் குடையில்லை. அப்படிக் கட்டியவர்கள் கழுவும் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். குறைந்தது யன்னல் தட்டுகளின் அடிப்பாகத்தில் விளிம்பை ஒட்டி ஒரு சிறு பள்ளக் கோடு இழுத்து விடும்படி மேசன் பாஸிடம் சொல்லுங்கள். தண்ணீர் சுவரை நோக்கி ஓடாமல் அந்த இடத்திலேயே சொட்டி விடும். சீமெந்து காயுமுன் செய்தால் இதற்குச் செலவே இல்லை.

எத்தனை தடவை, எந்த மாதத்தில்?

வருடத்திற்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈர வலயத்தில் வெளிச்சுவரை வருடத்திற்கு இரண்டு தடவை கழுவ வேண்டும். பெரிய கழுவல் பெப்ரவரி - மார்ச்சில். அந்த மாதங்களில் தென்மேற்கில் மழை குறைவு, சுவர் நன்றாகக் காயும், திருத்த வேலையும் பெயின்ட் வேலையும் அப்போதே முடித்துக் கொள்ளலாம். சிறிய கழுவல் ஆகஸ்ட் இறுதியில் அல்லது செப்டெம்பரில். தென்மேல் மழையில் வளர்ந்த பாசியை ஒக்டோபர், நவம்பர் இடி மழைக்கு முன் எடுத்து விடுவதே இதன் நோக்கம்.

கண்டி, அக்குறணை, கம்பளை, மாவனல்லை போன்ற மலையும் மலைசார்ந்த ஊர்களுக்கும் இதே இரண்டு தடவைதான். ஆனால் மண் மேட்டை ஒட்டிய, மர நிழல் விழுகின்ற சுவர்களுக்கு மூன்றாவது தடவையும் தேவைப்படும். நிழல் தரும் கிளைகளை வெட்டி விட்டால் அந்த மூன்றாவது தடவை மிச்சம்.

கிழக்குக் கரையில் வருடத்திற்கு ஒரு நல்ல கழுவல் போதும். வடகீழ் மழை ஓய்ந்த பின் மார்ச் மாதம் பொருத்தமானது. செப்டெம்பரில் பீலி, கூரை, வெடிப்பு ஆகியவற்றை மட்டும் ஒரு தடவை பார்த்துக் கொள்ள வேண்டும்.

புத்தளம், மன்னார் பகுதிகளில் பாசி பெரிய பிரச்சினையல்ல. அங்கே எதிரி தூசியும் கடல் உப்பும். சுவருக்கு வருடத்தில் ஒரு தடவை போதும். ஆனால் இரும்பு, தகடு, கண்ணாடி ஆகியவற்றை மூன்று மாதத்திற்கு ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவி விட வேண்டும். கடலுக்கு அண்மையிலுள்ள எல்லா ஊர்களுக்கும் இது பொருந்தும்.

சுவர் தவிர்ந்த ஏனையவற்றின் கணக்கு வேறு.

கடை வாசற்படி, நடைபாதை, சீமெந்து முற்றம்: மழைக்காலத்தில் வாரத்திற்கு ஒரு தடவை தேய்க்க வேண்டும். இது அழகுக்காகச் செய்வதல்ல. பாசி பிடித்த படியில் வயது போன ஒரு தாய் வழுக்கி விழுந்தால், அவருடைய இடுப்பு எலும்புக்கு எந்த விலைக்கழிவும் ஈடாகாது.

பீலி: மழைக்காலத்தில் வாரத்திற்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கின்றேன்.

கூரைத் தகடு, ரோலர் கதவு: ஆறு மாதத்திற்கு ஒரு தடவை, கடலோரத்தில் மூன்று மாதத்திற்கு ஒரு தடவை. மழையில் நனையாத இடங்களையே முக்கியமாகக் கழுவ வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. திறந்த இடத்திலுள்ள தகட்டின் உப்பை மழை கழுவி விடுகின்றது. இறக்கத்தின் அடியிலும் கதவின் மேற்சுருளிலும் படியும் உப்பை யாரும் கழுவுவதில்லை. துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

மதில்: இரண்டு பக்கமும் நனைவது, மேலே கூரையில்லாதது, கீழே மண் தெறிப்பது. வீட்டுச் சுவரை விட ஒரு தடவை கூடுதலாகக் கழுவ வேண்டும்.

இவை பொதுவான கணக்கு. இதற்கு மேலாக ஒரு விதி உண்டு. கழுவி மூன்று மாதத்திற்குள் அதே இடத்தில் அதே அளவு கறுப்பு மீண்டும் வந்தால், அது கழுவல் போதாமையால் வந்ததல்ல. அந்த இடத்தில் பீலி ஒழுகுகின்றது, அல்லது குழாய் கசிகின்றது, அல்லது குளியலறைத் தண்ணீர் சுவருக்குள் இறங்குகின்றது. அங்கே கழுவுவதை நிறுத்திவிட்டுக் குழாய் பாஸைக் கூப்பிடுங்கள்.

பெருநாளும் பெயின்டும்

பெருநாளுக்கு முன் வீட்டைக் கழுவி வெள்ளையடிப்பது எமது வீடுகளில் நீண்டகால வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் பராமரிப்பின் நாட்காட்டியாக அதனைக் கொள்ள முடியாது. பிறைக் கணக்கு வருடத்திற்குச் சுமார் 11 நாட்கள் முந்துகின்றது. 2010இல் செப்டெம்பரில் வந்த நோன்புப் பெருநாள் 2025இல் மார்ச் இறுதியில் வந்தது. ஏறத்தாழ 33 வருடத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும் ஒரு தினத்தை மழையோடு ஒத்துப்போக வைக்க முடியாது. பெருநாள் கொழுத்த மழையில் வருகின்ற வருடங்களில் ஈரச் சுவரின் மேல் பெயின்ட் அடித்து, அது கொப்புளம் போட்டு உரிந்து வருவதைக் காண்கின்றோம். அவ்வாறான வருடங்களில் கழுவி விட்டு, உள்ளறைகளுக்கு மட்டும் பெயின்ட் அடியுங்கள். வெளிச்சுவரை வெயில் காலத்திற்கு ஒதுக்கி வையுங்கள்.

கழுவும் முறை

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பெயர்ப்பலகை விளக்கு, வெளி மின்குமிழ், மீற்றர் பெட்டி, ஏசி இயந்திரம் ஆகியவற்றைப் பொலித்தீனால் மூடுங்கள். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேமிப்பவர்கள் அதன் குழாயைக் கழற்றி விட வேண்டும். சுவரோரச் செடிகளுக்கு முன்னும் பின்னும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். கிணற்றுக்கு அருகில் மருந்துத் தண்ணீர் வடிய விடக் கூடாது.

மருந்தென்பது வேறொன்றுமல்ல, பிளீச்தான். 5 வீத அளவிலான திரவ பிளீச் என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துக் கொள்ளுங்கள். வெளிற்றும் தூள் என்றால் பையில் எழுதியிருக்கும் குளோரின் வீதத்தைப் பார்க்க வேண்டும். 30 வீதத் தூளானால் 10 லீற்றர் தண்ணீருக்குச் சுமார் 330 கிராம். 70 வீதத் தூளானால் சுமார் 145 கிராம் போதும். இரண்டு தூளும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், ஆகவே அளவை மாற்றிப் போட்டு விடாதீர்கள். தூளைக் கலக்கிச் சிறிது நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலேயுள்ள தெளிந்த தண்ணீரை மட்டும் பாவித்தால் சுவரில் வெள்ளைத் திட்டு விழாது.

சுவரை முதலில் தண்ணீரால் நனையுங்கள். மருந்தைக் கீழிருந்து மேலாகப் பூசுங்கள். மேலிருந்து பூசினால் காய்ந்த சுவரில் வடிந்து கோடு விழும். 10 முதல் 15 நிமிடம் விட்டு, மென்மையான தும்புத் தூரிகையால் தேய்த்து, மேலிருந்து கீழாகக் கழுவி விடுங்கள். வயர் பிரஷ் வேண்டாம். காலை வேளையில், வெயில் ஏறுமுன் செய்வது நல்லது. மருந்து காய்ந்துவிட்டால் வேலை செய்யாது.

இரண்டு எச்சரிக்கைகள். பிளீச்சோடு கழிவறை கழுவும் அமிலத்தையோ அமோனியா கலந்த எதையுமோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும், மூடிய இடத்தில் உயிருக்கே ஆபத்து. அடுத்தது, தகட்டிலும் அலுமினியத்திலும் பிளீச் படக் கூடாது, அரித்து விடும். அவற்றுக்குச் சலவைத் தூள் கலந்த தண்ணீரே போதும்.

அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடிக்கும் இயந்திரங்கள் இப்போது வாடகைக்குக் கிடைக்கின்றன. கொங்கிரீட் முற்றத்திற்கு அவை நல்லவை. ஆனால் பெயின்ட் சுவருக்கு மிக அருகில் பிடித்தால் பெயின்டையே உரித்து விடும், வெடிப்புகளுக்குள்ளும் ஓட்டின் கீழும் தண்ணீரைத் தள்ளி விடும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களுக்கு அறவே வேண்டாம்.

கழுவிய பின் பெயின்ட் அடிப்பதானால், தொடர்ந்து சில நாட்கள் வெயில் கண்ட பின்னரே அடிக்க வேண்டும். புதுச் சீமெந்துப் பூச்சானால் 28 நாட்கள் பொறுக்க வேண்டும். பூஞ்சணத்தைக் கொல்லாமல் அதன் மேல் எவ்வளவு விலையான பெயின்ட் அடித்தாலும் அது மேலே வந்தே தீரும்.

கூரை மீது ஆள் ஏற்றுமுன்

இதுவரை சொன்னவற்றில் தவறு நடந்தால் போவது பணம். கூரை விடயம் அப்படியல்ல.

எங்கள் ஊரில் ஒரு கடையின் அஸ்பெஸ்டஸ் கூரையைக் கழுவ நாட்கூலிக்கு ஏறிய ஓர் இளைஞர் தகடு உடைந்து உள்ளே விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. அவருக்கு அன்று பேசிய கூலி ஒரு நாளைக்குரியது. அவர் படுத்திருப்பது வருடக்கணக்கில். கடை முதலாளி கெட்டவரல்ல. வைத்தியச் செலவுக்கு உதவினார். ஆனால் ஏற்றுமுன் ஒரு பலகை போட்டிருந்தால் இரண்டு குடும்பங்கள் தப்பியிருக்கும்.

அஸ்பெஸ்டஸ் தகடு பழையதாக ஆக முறிந்து போகும் தன்மை கூடும். பாசி அதன் வெடிப்பை மறைத்து விடும். நனைந்தால் வழுக்கும். அதன் மேல் நேரடியாகக் கால் வைப்பதே கூடாது. சட்டங்களுக்குக் குறுக்கே பாரம் தாங்கும் பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டியே ஏற வேண்டும். அத்துடன் அஸ்பெஸ்டஸை உலர்ந்த நிலையில் சுரண்டுவதும், அழுத்தத் தண்ணீர் அடிப்பதும் கண்ணுக்குத் தெரியாத நார்களை வெளியே விடும். அந்த நார்கள் சுவாசப்பையில் தங்கிப் பல பத்து வருடங்களின் பின்னரும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. அஸ்பெஸ்டஸ் கூரையின் கறுப்பு பார்வைக்கு அசிங்கமாக இருந்தாலும் ஒழுகாதவரை அதை விட்டு விடுவதே என் ஆலோசனை. அழகுக்காகக் கழுவ வேண்டாம்.

ஓட்டுக் கூரையில் பாசி தடித்தால் மழைத் தண்ணீர் ஓட்டின் இணைப்பில் தேங்கி உள்ளே ஒழுகும். வருடத்திற்கு ஒரு தடவை ஏணியில் நின்று பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் கையால் அகற்றச் செய்யுங்கள். மழை நாளில் எந்தக் கூரையிலும் எவரையும் ஏற்றாதீர்கள். "நான் ஏறுவன் முதலாளி, பழக்கம்தான்" என்று அவர் சொல்லக் கூடும். வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காக அப்படிச் சொல்கின்றார். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நாம்தான்.

பீலியும் டெங்குவும்

2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர். 400க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். டெங்கு நுளம்பின் முட்டை, வளர்ந்த நுளம்பாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். பீலியை வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மேலே எழுதியது இதனால்தான். மாதம் ஒரு தடவை பார்ப்பவரின் பீலியில் அதற்குள் மூன்று தலைமுறை நுளம்புகள் பறந்திருக்கும்.

இலையை மட்டும் அள்ளி விட்டால் போதாது. இந்த நுளம்பின் முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய பின் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முழுவதும் ஓடி விட்டால் நல்லது. ஓரிடத்தில் நின்றால் பீலி தொய்ந்து விட்டது, தாங்கியை உயர்த்த வேண்டும். ரோலர் கதவுக்கு மேலுள்ள கொங்கிரீட் தட்டு, பெயர்ப்பலகையின் பின்புறம், மாடியில் போட்ட பழைய பெட்டிகள் ஆகியவற்றையும் பார்க்க மறக்கக் கூடாது.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இந்தப் பொறுப்பைக் கட்டடத்தின் சொந்தக்காரர் மீது மட்டுமல்லாது அதில் இருப்பவர் மீதும் சுமத்துகின்றது. "கட்டடம் ஹாஜியாருடையது, பீலி என் வேலையல்ல" என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தப்ப முடியாது. எனவே வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே, சுவரைக் கழுவுவது யார், பீலி யார் பொறுப்பு, பெயின்ட் யார் செலவு என்று மூன்று வரி எழுதிக் கொள்ளுங்கள். பல வருட நட்பு இந்த மூன்று வரி இல்லாததால் முறிந்ததைப் பார்த்திருக்கின்றேன்.

கணக்குப் பார்ப்போம்

கடையின் வெளிப்புறத்திற்குப் பெயின்ட் அடிக்கப் பொருளும் கூலியும் சேர்த்து 300,000 ரூபா என்று வைத்துக் கொள்வோம். ஒரு தடவை கழுவ 10,000 ரூபா. இவை விளக்கத்திற்கான எண்கள்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கொள்ளுங்கள்.

கழுவாத சுவருக்கு 3 வருடத்தில் பெயின்ட் தேவையென்றால் 12 வருடத்தில் நாலு தடவை, மொத்தம் 1,200,000 ரூபா. வருடத்திற்கு இரண்டு தடவை கழுவியதால் 6 வருடம் தாக்குப் பிடித்தால் 12 வருடத்தில் பெயின்ட் இரண்டு தடவை 600,000, கழுவல் 24 தடவை 240,000, மொத்தம் 840,000. மிச்சம் 360,000 ரூபா. 6 வருடம் நிற்கவில்லை, 4 வருடம்தான் நின்றது என்றாலும் 900,000உம் 240,000உம் சேர்த்து 1,140,000. அப்போதும் 60,000 மிச்சம்.

2022இன் ஆரம்பத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமாகும்போது 360 ரூபாவைத் தொட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெயின்டின் மூலப்பொருட்களில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு. தண்ணீரும் தும்புத் தூரிகையும் டொலரில் வருவதில்லை.

இதில் சேராத நட்டமும் உண்டு. களஞ்சியத்தின் வெளிச்சுவர் நனைந்தால் உள்ளே அடுக்கிய துணிக்கட்டும் அரிசி மூடையும் பூஞ்சணம் பிடிக்கும். எந்தச் சரக்கையும் சுவரோடு ஒட்டி அடுக்காமல் அரை அடி இடைவெளி விடுங்கள், காற்றும் போகும், ஈரமும் கண்ணில் படும். காப்புறுதி இருக்கின்றதே என்று எண்ண வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்படும் ஈரச் சேதத்தைக் காப்புறுதிப் பத்திரங்கள் பொதுவாக ஏற்பதில்லை. உங்கள் பத்திரத்தின் விலக்குகளை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

கழுவல் கூலி, மருந்து, திருத்தம் ஆகியவற்றுக்குப் பற்றுச்சீட்டு எடுத்து வையுங்கள். கடைக் கட்டடத்தின் செலவு வியாபாரச் செலவுக் கணக்கில் எப்படிச் சேரும் என்பதை உங்கள் கணக்காளர் சொல்வார்.

இந்த வாரமே செய்யக் கூடியது ஒன்றுதான். கடை மூடும் நேரத்தில் வெளியே வந்து கட்டடத்தை நாலு பக்கமும் சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் கறுத்திருக்கின்றது, எங்கே தண்ணீர் நிற்கின்றது என்று கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதி வையுங்கள். அடுத்த கழுவல் எந்த மாதம் என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள். கடனாளியின் பெயரை எழுதி வைக்காத வியாபாரி உண்டா? மழையும் எமது கட்டடத்திடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக் கொண்டு போகும் கடனாளிதான், அதன் கணக்கையும் எழுதி வைப்போம்.